ஆய்வு நல்கை

‘நல்கு’ என்ற வினையிலிருந்து வந்த பெயர் நல்கை. விரும்பிக் கொடுத்தல், அருளுதல் என்று பொருள். சங்கப் பாடல்களில் புலவனுக்குப் பரிசில் தரும் மன்னனும் நல்குவான்; தலைவியிடம் அன்பு காட்டும் தலைவனும் நல்குவான். குறளின் 105ஆம் அதிகாரமான ‘நல்குரவு’ வறுமையைக் குறிப்பது. அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆய்வுக்குத் தரப்படும் ஃபெல்லோஷிப்புக்கு நல்கை என்ற சொல்லே எனக்குப் பிடிக்கும். ‘உதவித்தொகை’யில் இல்லாதவனுக்கு இரங்கும் தொனி இருக்கிறது. நல்கையில் தகுதிக்குத் தரும் மதிப்பு தெரிகிறது.

காவிரிக் கரையில், கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜனுக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் நல்கை தந்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் செல்ல ஆண்டுக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு ஊரிலிருந்த குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. ஏற்றுக்கொண்ட டிரினிட்டி கல்லூரி தன் பங்காக 60 பவுண்டு சேர்த்தது. பணம் தருபவர் ஒருவர், இடம் தருபவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு அன்றே இருந்தது.

இன்றும் அப்படித்தான். ஜெர்மனியின் ஹம்போல்ட் நல்கைக்கு அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கு ஏற்கும் நிறுவனத்தோடு சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். திருவையாறு அரசர் கல்லூரியில் படித்துவிட்டு முனைவர் பட்டம் வரை போகும் பிள்ளைகள் முதலில் எழுத வேண்டியது விண்ணப்பத்தை அல்ல, தங்களை ஏற்கக்கூடிய பேராசிரியருக்கு ஒரு கடிதத்தை. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, தங்கள் ஆய்வு அதோடு எங்கே சேர்கிறது என்று ஒரே பக்கத்தில், கடைசி நாளுக்குப் பல மாதம் முன்பே எழுதிவிட வேண்டும்.