ஓடும் எருவும்

விருத்தாசலம் என்றவுடன் சிலருக்குப் பழமலைநாதர் திருக்கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். வேறு சிலருக்கு அவ்வூரின் பீங்கான் தொழில் நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளோ குப்பை. ஆயினும் குப்பையின் வரலாற்றை விளக்க அந்தப் பீங்கான் நகரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. காரணத்தைக் கூறுகிறேன்.

சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்த பீங்கான் மீண்டும் களிமண் ஆவதில்லை. அதன் உடைந்த துண்டைப் புதைத்துப் பல தலைமுறை கழித்துத் தோண்டினாலும் அது அப்படியே இருக்கும். மழை அதைக் கரைக்காது. புழு அதை அரிக்காது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ரோமானிய மட்கல ஓடுகள் சிதையாமல் வெளிவந்தது இதனால்தான்.

ரோமாபுரியிலேயே மாண்டி டெஸ்டாச்சியோ என்றொரு குன்று உண்டு. ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுள்ள அக்குன்று முழுவதும் எண்ணெய்ச் சாடிகளின் உடைந்த ஓடுகளால் ஆனது. ஓடுகளை அடுக்கிய ரோமானியர், அவற்றில் ஒட்டியிருந்த எண்ணெய் கெட்டு நாறாதிருக்கச் சுண்ணாம்பைத் தூவினர். இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்லை தந்தது ஓடு அன்று. ஓட்டில் ஒட்டியிருந்த மக்கும் பொருளே. குப்பையைப் பற்றிய இன்றைய சட்டங்களின் சாரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

வாழையிலை, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு ஆகியவை காற்றோட்டமாகக் கிடந்தால், கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் அவற்றை உண்டு எருவாக்குகின்றன. அவற்றையே பெருங்குவியலின் அடியில் காற்றுப் புகாமல் அமுக்கிவிட்டால், வேறுவகை உயிர்கள் பெருகி மீத்தேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அது தீப்பற்றக்கூடியது, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. குவியலிலிருந்து கசியும் கறுத்த நீரோ நிலத்தடி நீரில் கலக்கிறது. சுந்தரர் முதுகுன்றத்து ஆற்றில் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராண வரலாறு. ஊரின் ஓரத்தில் நாம் இட்ட குப்பையும் அவ்வாறே வேறோரிடத்தில், நம் கிணற்றில், திரும்ப வந்து சேர்கிறது. ஆனால் பொன்னாக அன்று, நஞ்சாக!

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். உழவர் பேச்சில் குப்பை என்ற சொல்லுக்கு எரு என்றே பொருள். வீட்டுக் குப்பையும் சாணமும் எருக்குழியில் சேர்ந்து, கோடையில் வண்டியேறி வயலுக்குச் செல்லும். உழுவதைக் காட்டிலும் உரமிடுவதைத் திருக்குறளும் உயர்வாகப் பேசுகிறது.

இந்தப் பழக்கத்தை ஆராய்ந்து விஞ்ஞான முறையாக்கியவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர். 1905-இல் இந்தியாவுக்கு வந்த அவர், இந்நாட்டு உழவர்களிடம் தாம் கற்றவை பல என்று பிற்காலத்தில் எழுதினார். 1924-இல் இந்தூரில் ஆய்வு நிலையம் அமைத்து, இலைதழையும் சாணமும் அடுக்கடுக்காக இட்டு, அவ்வப்போது புரட்டி, சுமார் மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். அதனை விளக்கும் நூலை 1931-இல் யஷ்வந்த் வாட் என்னும் இந்திய அறிஞருடன் சேர்ந்து வெளியிட்டார். அடுத்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆச்சார்யா என்பவர், 1939-இல், நகரக் கழிவுக்கு ஏற்றதொரு முறையைக் கண்டார். குழிகளில் அடுக்கி மண்ணால் மூடிவிட்டால், புரட்டாமலே சில மாதங்களில் எரு கிடைக்கும். நம் நகராட்சிகளின் குப்பைமேடுகளை மக்கள் இன்றும் ‘உரக்கிடங்கு’ என்று அழைக்கிறார்களே, அப்பெயர் அந்தக் காலத்தை நினைவூட்டுவது. பெயர் நிலைத்தது; உரம் மறைந்தது.

ஏன் மறைந்தது? இரசாயன உரம் எளிதாகக் கிடைத்தது ஒரு காரணம். மற்றொன்று, குப்பையின் தன்மையே மாறியது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் பாட்டரியும் கலந்த எருவை எந்த உழவர் வாங்குவார்? 1970-களில் சில பெருநகரங்களில் அமைக்கப்பட்ட இயந்திர உரத் தொழிற்கூடங்களுள் பெரும்பாலானவை நீடிக்கவில்லை. கலந்த குப்பையிலிருந்து நல்ல உரம் பிறக்காது என்ற பாடத்தை அவை விட்டுச் சென்றன.

1994-இல் சூரத் நகரில் பரவிய பிளேக் நோய் நாட்டையே நடுங்க வைத்தது. 1996-இல் அல்மித்ரா பட்டேல் என்ற அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் பயனாக, 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் நகரத் திடக்கழிவு விதிகள் பிறந்தன. மக்கும் குப்பையை உரமாக்குதல், மண்புழு உரமாக்குதல், காற்றில்லாச் செரிமானம் போன்ற வழிகளில் பதப்படுத்த வேண்டும்; மக்காததும், மறுபடி பயன்படாததும், மந்தப் பொருளுமானவையே நிலத்தில் புதைப்பதற்கு உரியவை. இதுவே அவ்விதிகளின் கட்டளை. இதற்கான நிலையங்களை அமைக்க 2003-ஆம் ஆண்டு இறுதிவரை தவணை அளிக்கப்பட்டது. தவணை கடந்தும் பல ஊர்களில் பழைய நிலையே தொடர்ந்தது. 2016-இல் வெளியான புதிய விதிகள், குப்பையைப் பிரிக்கும் கடமையை வீட்டாரிடமே நேராக ஒப்படைத்தன.

ஐரோப்பிய நாடுகள் 1999-இல் தமக்கு ஓர் ஒழுங்கு விதித்துக்கொண்டன. புதைக்கப்படும் மக்கும் நகரக் குப்பையை, 1995-ஆம் ஆண்டு அளவில் 35 விழுக்காடாகப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது அது. ஜெர்மனி 2005-இல் பதப்படுத்தாத குப்பையைப் புதைப்பதையே நிறுத்தியது.

விதியை அலட்சியம் செய்தால் விளைவது என்ன? 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பது உயிர்களுக்கு மேல் மாண்டன. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் புகைந்தது. புகையைச் சுவாசித்தவர்கள் அருகில் குடியிருந்த மக்களே.

மாணவ நண்பர்களே, வரலாறு நமக்குக் காட்டும் வழி எளியது. நிலத்தில் புதைப்பது விருத்தாசலத்துச் சூளையின் ஓட்டைப் போல் இருக்கட்டும். அழுகக்கூடியது எதுவும் எருவாகி வயலுக்குச் செல்லட்டும். நீதிமன்றம் தீர்ப்புக் கூறலாம். அரசு விதி வகுக்கலாம். ஆனால் வாழைப்பழத் தோலையும் பிளாஸ்டிக் பையையும் ஒரே கூடையில் போடுவதா, இரு கூடைகளில் போடுவதா என்பதை நம் வீட்டு அடுக்களையே முடிவு செய்கிறது. நாம் கலந்துவிட்டதை நாளெல்லாம் கையால் பிரித்துக்கொண்டிருப்பவர் நம்மைப் போன்ற மனிதரே. அவருடைய கைக்கு மரியாதை செய்யும் முதற்படி, நம் வாசலில் வைக்கும் இரண்டாவது கூடைதான்.