நீச்சல் போட்டி, சிறுவர்

குறித்த தூரத்தைக் குறித்த முறையில் நீந்தி, எடுத்துக்கொண்ட நேரத்தால் வெற்றி தோல்வி முடிவாகும் விளையாட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நீச்சல் முதலில் கிணற்று வித்தை. போட்டி பிறகு வந்தது. இடுப்பில் கயிறு கட்டியோ, முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டியோ தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். தண்ணீர்ப் பயம் அங்கேயே போய்விடும். மேட்டிலிருந்து குதிப்பதும் உள்நீச்சலில் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதும்தான் அங்கே பெருமை. போட்டிக் குளத்தில் அந்த உள்நீச்சலுக்கு எல்லை உண்டு.

நீச்சல் வகைகள்: 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரேயஸ் அருகே கடலில் நீந்தினார்கள், முறை அவரவர் விருப்பம்; அதுவே பிரீஸ்டைல். மல்லாந்த நீச்சல் 1900-இலும் மார்பு நீச்சல் 1904-இலும் தனிப் போட்டிகளாயின. 1930-களில் மார்பு நீச்சல் வீரர்கள் சிலர் கைகளைத் தண்ணீருக்கு மேலே வீசி முன்னேறினார்கள். விதி அதைத் தடுக்கவில்லை. அந்த உத்தியே பட்டர்பிளை எனப் பிரிந்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தனி வகையாக இடம்பெற்றது. அதே ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா பெரும்பகுதி நீருக்கடியிலேயே நீந்தி 200 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றார். அதன்பின் அவ்வழி அடைக்கப்பட்டது; விதியாளர்கள் செய்தது சரியே. இன்று பிரீஸ்டைல், மல்லாந்த நீச்சல், பட்டர்பிளை மூன்றிலும் புறப்பட்டதும் திரும்பியதும் 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். கிணற்றில் பழகிய பிள்ளைகள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய விதி இது.

போட்டி நாள்: வயதுச் சான்று கட்டாயம். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. பெயர் கூப்பிடும் இடத்துக்கு முன்கூட்டியே போய்விட வேண்டும். காத்திருப்புதான் அன்றைய பொழுதில் பெரும்பகுதி. எட்டு லேன் குளத்தில் பதிவு நேரம் குறைந்தவருக்கு 4-ஆம் லேன். குறு விசில்கள் கேட்டால் தயாராக வேண்டும், நீண்ட விசிலுக்கு மேடை ஏற வேண்டும். தொடக்க ஒலிக்கு முன் பாய்ந்தால் தகுதிநீக்கம்; மறுவாய்ப்பு இல்லை. மார்பு நீச்சலிலும் பட்டர்பிளையிலும் இரு கைகளும் ஒருசேரச் சுவரைத் தொட வேண்டும். ஒரு கையால் தொட்டவர் முதலில் வந்தாலும் கணக்கில் வரமாட்டார். மல்லாந்த நீச்சலை மல்லாந்தபடியே முடிக்க வேண்டும். சுவருக்கு 5 மீட்டர் முன்னே தலைக்கு மேல் தொங்கும் கொடிகளைப் பார்த்ததும் கைவீச்சை எண்ணத் தொடங்குவார்கள். அந்த எண்ணிக்கையைப் பயிற்சியிலேயே கண்டுவைப்பது நல்லது. முழங்கால் வரை இறுக்கும் விலையுயர்ந்த உடை சிறுவருக்கு வேண்டியதில்லை.

தமிழகத்தில்: ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் 1994-இல், சிறுவனாக இருக்கும்போதே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. முதலமைச்சர் கோப்பையில் இப்போது நீச்சலும் உண்டு.