கோபாலைத் தூக்கலாமா?

எங்கள் பங்காருபாளையத்தில் கோபால் என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். நான் சொல்லப்போகும் கோபால் வேறு. 1959-ல் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் கூடிப் பேசி, 1960-ல் வெளியிட்ட கணினி மொழி. கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் முன்பே உருவாக்கியிருந்த மொழிதான் அதற்கு முக்கிய அடிப்படை. கணக்கு எழுதுகிறவனுக்கும் படித்தால் புரிய வேண்டும் என்பது நோக்கம். 'மல்டிப்ளை பிரின்சிபல் பை ரேட் கிவிங் இன்ட்ரஸ்ட்' என்று எழுதினால் பி.காம். படித்த எனக்கே புரிகிறதே! 1999-ல் நம் பிள்ளைகள் பலர் விமானம் ஏறியதும் இந்தக் கோபால் புண்ணியத்தில்தான். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்த பழைய நிரல்களைத் திருத்த உலகமெங்கும் ஆள் தேடினார்கள்.

இன்றும் ஏராளமான வங்கிகளின் கணக்கு இதில்தான் ஓடுகிறது. நான் வேலை பார்க்கும் வங்கியிலும் அப்படியே. இதைத் தூக்கிவிட்டு ஜாவாவுக்கு மாறலாமா என்று கூட்டம் போட்டார்கள். பொட்டி தட்டும் இளைஞர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்: மாறலாம். வட்டிக் கணக்கு சொல்ல என்னையும் உட்கார வைத்தார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கோபால் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2008-ல் பழைய அமைப்பை மாற்ற ஆரம்பித்து, ஐந்து வருடம் உழைத்து, நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டி, முடித்தும் காட்டியது. மறுபக்கம் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் முழுக் கணக்கையும் புது அமைப்புக்குத் தள்ளியது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் பணத்தைப் பார்க்கவே முடியாமல் திண்டாடினார்கள். 2022 டிசம்பரில் விழுந்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டு. ஊருக்குப் பணம் அனுப்புகிற நமக்கு, அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

எங்கள் ஊர் மாங்காய் மண்டிக்கு வருவோம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டமும் அதில் சேர்ந்தது. தமிழில் எழுதிவந்த பேரேட்டைத் தெலுங்குக்கு மாற்றிய கதையைத் தாத்தா சொல்வார். எழுத்து மாற்றுவது பெரிய வேலையே இல்லையாம். கூடைக்கு எவ்வளவு கழிவு, எந்தத் தோட்டக்காரருக்கு எப்போது முன்பணம் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் பேரேட்டில் கிடையாது. கணக்குப்பிள்ளை தலைக்குள் இருந்தது. புதுப் பேரேட்டிலும் அவரே உட்கார்ந்ததால் மண்டி பிழைத்தது.

எங்கள் கோபாலுக்குள்ளும் அப்படித்தான். முப்பது வருடத்து வட்டி மாற்றங்கள், விதிவிலக்குகள். ஏன் என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை. இன்னொரு சங்கதி: கோபாலில் காசுக் கணக்கு தசமமாகவே நிற்கும். ஜாவாவின் சாதாரண தசம எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். அதற்கென்று தனி வசதி உண்டு. ஒரே ஒரு இடத்தில் அதை மறந்தால் போதும், லட்சக்கணக்கான கணக்குகளில் காசு இடறும். தணிக்கையாளரிடம் யார் பதில் சொல்வது?

நான் சொன்னது இதுதான்: வாடிக்கையாளர் பார்க்கும் திரைகளை முதலில் மாற்றுங்கள். வட்டி மட்டும், பழையதும் புதியதும் ஒரு முழு ஆண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடி, கடைசிக் காசுவரை ஒத்துப்போன பிறகு. இளைஞர்கள் முகம் சுளித்தார்கள், மேலிடம் சம்மதித்துவிட்டது. கோபால் தெரிந்த இருவரில் ஒருவருக்கு அடுத்த வருடம் ஓய்வு. வாரத்தில் இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து அந்த விதிகளை எழுதுவதுதான் இப்போது என் ஆணி.