பந்தயம் ஓடிய குடும்பக் கார்

நான்கு கதவும் பின்னால் சாமான் பெட்டியும் உள்ள கார் வீட்டாருக்கு. தாழ்வாகப் பாயும் கார் பந்தயத்துக்கு. இப்படித்தான் நம்மில் பலர் பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டையும் ஒரே வண்டியில் சேர்க்க இத்தாலியரும் ஜெர்மானியரும் பாடுபட்ட கதையை இன்று பார்ப்போம்.

முந்தியவர்கள் இத்தாலியர். மிலான் நகரத்து ஆல்ஃபா ரோமியோவின் தொழிற்சாலை போரில் குண்டுவீச்சுக்கு இரையானது. மீண்டெழுந்த அந்நிறுவனம், 1950-இல் '1900' என்ற காரை வெளியிட்டு, பந்தயங்களில் வெல்லும் குடும்பக் கார் என்றே விளம்பரம் செய்தது. 1962-இல் வந்தது ஜூலியா. பார்வைக்குச் சதுரமான பிஸ்கட் டின்தான். ஆனால் காற்று எளிதில் வழுக்கிச் செல்லும்படி கணக்கிட்டு வடித்த உடல். 1.6 லிட்டர் எஞ்சினில் வால்வுகளை இயக்க மேலே இரண்டு தண்டுகள். மற்றக் குடும்பக் கார்களில் மூன்றோ நான்கோ கியர் இருந்த காலத்தில் இதற்கு ஐந்து! இத்தாலியப் போலீசாரும் இதையே ஓட்டினர்.

மியூனிக் நகரத்து பி.எம்.டபிள்யூ.வோ அதற்குச் சற்று முன்புவரை மூழ்கும் நிலையில் இருந்தது. அதைத் தாங்கியது எது தெரியுமா? முன்பக்கமே கதவாகத் திறக்கும் இசெட்டா என்ற முட்டை வடிவ வண்டி. அது இத்தாலியர் வடிவமைத்தது. 1955 முதல் உரிமம் பெற்றுச் செய்தார்கள். அதுவும் போதவில்லை. 1959 டிசம்பர் 9-இல், நிறுவனத்தை டெய்ம்லர் பென்ஸுடன் சேர்க்கும் திட்டம் கூட்டத்துக்கு வந்தது. சிறு பங்குதாரர்களும் கார் விற்பனையாளர்களும் எதிர்த்து நின்று அதைத் தடுத்துவிட்டனர். ஹெர்பர்ட் குவாண்ட் முதல் போட்டார். 1961-இல் '1500' கார் காட்சிக்கு வந்தது. தண்டு ஒன்றுதான், கியரும் நான்குதான். ஜூலியாவின் எஞ்சின் பாடும், இது உழைக்கும். ஓட்டுவதில் எது இனிமை என்றால் நம் ஓட்டு இத்தாலிக்கே.

ஆனால் ஜெர்மானியர் பிடித்ததை விடவில்லை. அதே எஞ்சினைத் திருத்தித் திருத்தி 1980-களிலும் செய்தார்கள். அதன் இரும்புக் கட்டையிலிருந்து உருவாக்கிய பந்தய எஞ்சின்தான் 1983-இல் நெல்சன் பிக்கேயை உலக வெற்றியாளராக்கியது.

ஆல்ஃபா அன்று அரசுடைமை. தென் இத்தாலியருக்கு வேலை கொடுக்க நேப்பிள்ஸ் அருகே புதிய ஆலை எழுந்து, 1972-இல் ஆல்ஃபாசூட் வெளிவந்தது. ஓட்டம் அருமை, தகட்டில் துரு. பிழைப்புக்காக வடக்கே போய்க்கொண்டிருந்தவர்களுக்குச் சொந்த மண்ணில் வேலை தந்த ஆலையை, துருவை மட்டும் வைத்து எடைபோட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் நட்டம் தொடர்ந்தது; 1986-இல் ஆல்ஃபா ஃபியட்டின் கைக்குப் போயிற்று.

அதன் பிறகும் ஒன்று நடந்தது. 1993-இல் ஆல்ஃபா 155 ஜெர்மானியரின் சொந்தப் பந்தயத் தொடருக்கே போயிற்று. நிக்கோலா லாரினி ஓட்டினார். பென்ஸ் கார்களைப் பின்னுக்குத் தள்ளிப் பட்டத்தை வென்று வந்தார். அந்தக் காருக்கும் உருவம் நான்கு கதவுக் குடும்பக் காருடையதே!