கறுப்பு டயல் போன் முதல் இருபதாயிரம் ரூபாய் போன் வரை



சென்ற நவம்பரில் ஒரு நாள் காலை எதிர்வீட்டு அம்மா கையில் செல்போனோடு என் வாசலில் வந்து நின்றார். அவருக்கு 78 வயது. கணவர் இறந்தபின் வரும் குடும்ப ஓய்வூதியத்தில்தான் வீடு நடக்கிறது. வருடா வருடம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். முகத்தைக் காட்டினால் போதும், போனிலேயே கொடுத்துவிடலாம் என்ற வசதி 2021இல் வந்தது. அதற்கான செயலியை இறக்கப் பார்த்தால், உங்கள் கருவிக்கு இது பொருந்தாது என்று வந்திருக்கிறது. அதற்கு முந்தைய மாதமே வங்கிச் செயலியும் நின்றுபோயிருந்தது.

"பையன் கொடுத்த போன் சார். ஒரு தடவைகூட கீழே போட்டதில்லை. பேசினா நல்லாத்தான் கேக்குது. நான் உயிரோட இருக்கேனா இல்லையான்னு இந்த போன்தான் சொல்லணுமா?" என்றார்.

தொலைபேசித் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழுதான போனைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. பழுதே ஆகாத போன் ஒன்று காலாவதி ஆவதை அன்றுதான் நெருக்கமாகப் பார்த்தேன். அன்று மனதில் ஓடியதை இந்த இதழில் எழுதச் சொன்னார் நம் செயலாளர். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

கருவி அரசாங்கத்துடையது

சென்னைக்குத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வந்தது 1880களின் தொடக்கத்தில். அப்போது வணிக நிறுவனங்களும் பெரிய அதிகாரிகளும்தான் சந்தாதாரர்கள். சுதந்திரத்துக்குப்பின், 1948இல் பெங்களூரில் ஐ.டி.ஐ. எனப்படும் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. நம்மில் பலர் வீட்டில் பார்த்த கனத்த கறுப்பு டயல் போன் அந்த வகைதான்.

அந்தப் போன் நம் வீட்டுக் கூடத்தில் இருந்தாலும் நமக்குச் சொந்தமில்லை. கருவி துறையுடையது, நாம் வாடகை கட்டினோம். கெட்டுப்போனால் 198க்குப் புகார் சொல்ல வேண்டும், லைன்மேன் வருவார். டயல் சுற்றவில்லை என்றால் எண்ணெய் விட்டுச் சரிசெய்வோம், ரிசீவர் ஒயர் அறுந்தால் மாற்றுவோம், முடியவே முடியாது என்றால் வேறு கருவியை வைத்துவிட்டு வருவோம். இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய கருவிகளை நானே கழற்றி மாட்டியிருக்கிறேன். ஒரு கருவி பழசாகிவிட்டதால் அதில் இனி அழைப்பு வராது என்று எந்தச் சந்தாதாரரிடமும் நாங்கள் சொன்னதில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. இணைப்பு கிடைக்கத்தான் பாடு. விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன்பணமாகப் பெரிய தொகை கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஓ.ஒய்.டி. திட்டம் இருந்தது, அதற்கும் வரிசை உண்டு. 1989இல் நான் இங்கே குடிவந்தபோது நம் நகரில் மொத்தம் மூன்று வீட்டில்தான் போன். கல்யாணப் பத்திரிகையில்கூட அடுத்த வீட்டு எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்தோம். ராத்திரி பதினோரு மணிக்கு மரணச் செய்தி வந்தாலும் கதவைத் தட்டிச் சொன்ன அந்த மூன்று வீட்டாருக்கும் நாம் பட்ட கடன் பெரிது.

வெளியூருக்குப் பேச 180ஐக் கூப்பிட்டு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதலில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் வந்தது. எல்லா ஊருக்கும் பரவப் பல காலம் ஆயிற்று. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிர்சாதன வசதி இல்லாமலே இயங்கும் சிறிய எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கியபின் கிராமங்களுக்கும் இணைப்பு போனது. தெருமுனைகளில் மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்கள் முளைத்தன. இரவில் கட்டணம் குறையும்வரை பூத் வாசலில் காத்து நின்றவர்கள் இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

கருவி நம்முடையது ஆனது

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அதே ஆண்டில் சென்னையிலும் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்ற இரண்டு நிறுவனங்கள் சேவையைத் தொடங்கின. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். மணி அடித்ததும் எண்ணைப் பார்த்துவிட்டுத் துண்டித்து, பக்கத்துக் கடையிலிருந்து திருப்பிக் கூப்பிட்ட காலம் அது. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமானபின்தான் செல்போன் சாதாரணக் குடும்பத்துக்குள் நுழைந்தது.

அந்த 2003இல்தான் நோக்கியா 1100 வந்தது. நுனியில் டார்ச், தூசி புகாத விசைப்பலகை. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற கருவி. 2006இல் நமக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சுற்று மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றது.

இந்தக் காலத்தில் ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. கருவி முதல்முறையாக நமக்குச் சொந்தமானது. பழுது பார்ப்பதும் நம் செலவானது. ஆனாலும் அதன் ஆயுள் பெரும்பாலும் நம் கையில்தான் இருந்தது. பின்மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கையில் வரும். கடையில் பி.எல்.-5சி என்று கேட்டால் சில நூறு ரூபாய்க்குக் கொடுப்பார்கள். அந்தப் பேட்டரி நோக்கியாவோடு நிற்காமல் சின்ன எஃப்.எம். ரேடியோக்களுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. ரிச்சி தெருவில் ஸ்பீக்கர், மைக், டிஸ்ப்ளே எல்லாம் தனித்தனியாகக் கிடைத்தன. நமக்கு அலுத்துப்போகும்வரை போன் ஓடியது.

ஆயுளுக்குத் தேதி வந்தது

ஆண்ட்ராய்டு மென்பொருளோடு முதல் போன் வெளிவந்தது 2008இல். நம் ஊரில் நடுத்தர விலை ஸ்மார்ட்போன் என்ற பிரிவு சூடுபிடித்தது 2014இல். பிப்ரவரியில் மோட்டோ ஜி 12,499 ரூபாய்க்கு ஆன்லைனில் மட்டும் விற்பனைக்கு வந்தது. ஜூலையில் ஷியோமியின் எம்.ஐ. 3, 13,999 ரூபாய்க்கு வந்தது. அதுவரை முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தால்தான் கிடைக்கும் என்று நினைத்த வேகம் பாதி விலைக்கும் கீழே கிடைத்தது.

2016இல் மூன்று விஷயங்கள் சேர்ந்துகொண்டன. ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது. செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அதன்பின் காய்கறி வண்டி, மின்கட்டணம், கேஸ் பதிவு, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் எல்லாமே போனுக்குள் போய்விட்டன. பேசுவதற்காக வாங்கிய பொருள் பணப்பெட்டியாகவும் கையெழுத்தாகவும் ஆனது.

பணப்பெட்டி என்றால் பூட்டு வேண்டும். ஸ்மார்ட்போனில் அந்தப் பூட்டுதான் பாதுகாப்பு அப்டேட். மென்பொருளில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், அவற்றை அடைத்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் ஒட்டு தயாரித்தால் மட்டும் போதாது. போனுக்குள் இருக்கும் சிப்பைச் செய்த நிறுவனம் தன் பங்கைத் தர வேண்டும், போன் நிறுவனம் ஒவ்வொரு மாடலிலும் போட்டுச் சோதித்து அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் செலவு உண்டு. குறைந்த லாபத்தில் விற்ற போனுக்கு இரண்டு, மூன்று வருடத்துக்குமேல் அந்தச் செலவைச் செய்யப் பல நிறுவனங்கள் முன்வரவில்லை. மேலே சொன்ன முதல் மோட்டோ ஜி, ஆண்ட்ராய்டு 5இல் நின்றுவிட்டது.

அப்டேட் நின்ற போன் உடனே சாவதில்லை. பேசலாம், பாட்டு கேட்கலாம். சில வருடங்களில் வங்கிச் செயலிகள் பழைய பதிப்பைப் பாதுகாப்பற்றது என்று ஒதுக்குகின்றன, பிற செயலிகளும் ஒவ்வொன்றாக விலகுகின்றன. போதாததற்குப் பேட்டரியை உள்ளே ஒட்டி மூடிவிட்டார்கள். இப்படித்தான் எதிர்வீட்டு அம்மாவின் போன், ஒரு கீறல்கூட இல்லாமல் காலாவதி ஆனது. மகன் ஐந்து வருடம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த போன் அது. அன்போடுதான் கொடுத்தார். தேதி முடிந்துவிட்டது என்று அவருக்கும் தெரியாது.

இப்போது என்ன நிலை

கடந்த சில ஆண்டுகளில் காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. 2023இல் கூகுள் தன் பிக்சல் 8க்கு ஏழு வருட அப்டேட் தருவதாக அறிவித்தது. சாம்சங் 2024இல் தன் விலை குறைந்த ஏ16 5ஜி போனுக்கே ஆறு வருடம் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்தியபிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும், ஏழு வருடம் உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும், 800 முறை சார்ஜ் ஏற்றியபிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்கிறது அது.

டிசம்பரில் அந்த அம்மாவுக்கும் எனக்கும் புதுப் போன் வாங்கப் போனேன். இருபதாயிரத்தை ஒட்டிய விலையில் பார்த்தோம். கடைப் பையன் கேமரா மெகாபிக்சலையும் சார்ஜர் வாட்டையும் அடுக்கினான். "தம்பி, இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் நல்ல பிள்ளை, உடனே நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்துச் சொன்னான். வரிசையாக வைத்த நான்கு போன்களில் ஒன்றுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் மிச்சம். தள்ளுபடி அதிகம் இருந்ததும் அதற்குத்தான்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

1. அப்டேட் கணக்கு போன் வெளியான நாளிலிருந்து ஓடும், நாம் வாங்கிய நாளிலிருந்து இல்லை. பழைய மாடல் தள்ளுபடியில் வந்தால் மிச்ச வருடத்தைப் பாருங்கள்.

2. விலையை அந்த மிச்ச வருடத்தால் வகுங்கள். 12,000 ரூபாய் போன் இரண்டு வருடம் என்றால் வருடத்துக்கு 6,000. 20,000 ரூபாய் போன் ஐந்து வருடம் என்றால் வருடத்துக்கு 4,000.

3. பேட்டரி சோர்ந்தால் போனையே மாற்றாதீர்கள். அப்டேட் இன்னும் வருகிறதென்றால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரி மட்டும் மாற்றலாம்.

4. வாங்கிய அன்றே *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை டைரியில் குறித்து, பில்லோடு வையுங்கள். போன் தொலைந்தால், 2023இல் அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து முடக்கலாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

5. பழைய போனைப் பெற்றோருக்குக் கொடுக்குமுன் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பகுதிக்குப் போய், கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்குமேல் பழசாக இருந்தால் அதில் வங்கிக் கணக்கு வேண்டாம். பாட்டுக்கும் வீடியோ அழைப்புக்கும் வைத்துக்கொள்ளட்டும்.

கடைசி விஷயம்தான் என்னை எழுத வைத்தது. நம் நகரில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் முதியவர் வீடுகள் பல. பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பது பிள்ளைகள் கழித்துக் கொடுத்த போன். மாத ஓய்வூதியம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. வீட்டிலேயே பாதுகாப்புக் குறைந்த போன், வீட்டிலேயே அதிகம் ஏமாற்றப்படக்கூடியவர் கையில் இருக்கிறது.

அந்த அம்மாவை அன்று ஆட்டோவில் வங்கிக்கு அழைத்துப்போய் நேரிலேயே சான்றிதழ் கொடுத்தோம். ஓய்வூதியம் தடைப்படவில்லை. எல்லா வீட்டுக்கும் எதிரில் ஓய்வுபெற்ற டெலிபோன்காரர் இருக்க மாட்டார். ஆகவே செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு இரண்டு முறை, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க அறையில் முதியோர் போன்களைப் பார்த்துக் கொடுக்க இடம் தாருங்கள். அப்டேட் தேதி பார்ப்பது, வேண்டாத செயலிகளை நீக்குவது, ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. கடவு எண்ணையோ ஓ.டி.பி.யையோ யாரிடமும் கேட்க மாட்டோம், யாரும் சொல்லவும் வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் 198க்குக் கூப்பிட்டால் லைன்மேன் சைக்கிளில் வருவார். இப்போது அப்படி யாரும் வரப்போவதில்லை. நம் நகரின் லைன்மேனாக நாமே இருந்துகொள்வோம். முதல் ஞாயிற்றுக்கிழமை எது என்று சங்கம் அறிவித்தால் என் பழைய டூல்பாக்ஸோடு வந்துவிடுகிறேன். அதற்கு வேலை இருக்காது என்று தெரியும். பழக்கதோஷம்.