சமிக்ஞை அறுந்த கோபுரம் அமைதியாக வேண்டும்: 2022 ரோஜர்ஸ் முடக்கம் குறித்து

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. அதிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன் கனடியத் தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸின் மைய வலையமைப்பு சரிந்தது. கனடா முழுவதும் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தனர். ரொறன்ரோவின் வடமேற்கு மூலையிலுள்ள ரெக்ஸ்டேல் போன்ற பகுதிகளில், கைபேசிக்கும் வீட்டு இணையத்துக்கும் அந்த ஒரே நிறுவனத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இரண்டும் ஒருசேர நின்றன. இரண்டையும் தாங்கியது ஒரே மையம். கட்டண வலையமைப்பான இன்டராக் முடங்கியதால் டெபிட் அட்டையும் பயன்படவில்லை. எல்லாவற்றிலும் கொடியது, அவசர எண்ணான 911க்கான அழைப்புகள் பல போய்ச் சேராததே.

முடக்கத்தின் மூலகாரணம் இன்று தெளிவாகியிருக்கிறது. ஏழு கட்ட மேம்படுத்தலின் ஆறாம் கட்டத்தில், பகிர்வு ரவுட்டர்களிலிருந்த ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. அது தடுத்து வைத்திருந்த வழித்தடத் தகவல்கள் வெள்ளமாய்ப் பாய்ந்து மைய ரவுட்டர்களை மூழ்கடித்தன. பிழை தேட வேண்டிய பொறியாளர்களின் மேலாண்மை இணைப்பும் அதே மையத்தின் வழியாகவே சென்றதால், பதிவேடுகளைத் திறந்து காரணத்தைக் காணச் சுமார் 14 மணி நேரம் கழிந்தது. பழுதாகும் பாதையிலேயே பழுது பார்க்கும் பாதையையும் அமைத்தது முதல் தவறு. இதைப் பலரும் சுட்டிவிட்டனர். இரண்டாவது தவறு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஒரு கைபேசி தன் சொந்த நிறுவனத்தின் அலையைக் காணாவிட்டால், அவசர அழைப்புக்கு எந்த நிறுவனத்தின் கோபுரத்தையும் நாடும். சிம் இல்லாத கைபேசியும் கனடாவில் அப்படித்தான் 911ஐ அடைகிறது. ஆனால் அன்று மையத்தை இழந்த பின்னும் ரோஜர்ஸ் கோபுரங்கள் அலை பரப்பிக்கொண்டே இருந்தன; இதுவே இரண்டாவது தவறு. கைபேசிகள் அதை நம்பி அங்கேயே நின்றன. போட்டி நிறுவனங்களான பெல், டெலஸ் ஆகியவற்றின் கோபுரங்கள் எட்டும் தூரத்தில் இருந்தும் பலருக்குப் பயனில்லை. அவ்விரு நிறுவனங்களும் கைகொடுக்க முன்வந்தன. ஆனால் வழமையான ரோமிங்குக்குச் சந்தாதாரரின் தாய் வலையமைப்பிலுள்ள தரவுத்தளம் பதில் சொல்லியாக வேண்டும். அதுவும் எட்டாத இடத்தில் இருந்தது.

அப்படியானால் மையத்தை இழந்த கோபுரம் தானாக அலையை நிறுத்தட்டுமே? கருவிகளில் இவ்வசதி புதியதல்ல. சிக்கல், இழப்பை எப்படி அறிவது என்பதில்தான் இருக்கிறது. எல்.டி.இ. கோபுரத்துக்கும் மையத்தில் கைபேசிகளை நிர்வகிக்கும் எம்.எம்.இ.க்கும் இடையில் சமிக்ஞை கடத்தும் எஸ்.சி.டி.பி. இணைப்பு ஓடுகிறது. அதன் இதயத்துடிப்புச் செய்திக்குப் பதில் வந்தால் இணைப்பு உயிருடன் இருப்பதாகக் கொள்ளப்படும். அந்தப் பதில் உறுதிசெய்வது எதிர்முனை இருக்கிறது என்பதை மட்டுமே. அதற்கு அப்பால் டயமீட்டர் நெறிமுறை வழியாகச் சந்தாதாரர் தரவு கிடைக்கிறதா, குரல் அழைப்புக்கான ஐ.எம்.எஸ். பதிவு நடக்கிறதா, அழைப்பு 911 மையத்தை எட்டுகிறதா என்பவற்றை அது சொல்லாது. ஆகவே அடியடுக்கிலிருந்து மேலே தேடிப்போகும் பொறியாளர், இணைப்பு பச்சை காட்டுவதைக் கண்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது. கோபுரமும் அந்தப் பச்சையை மட்டும் வைத்துத் தன் நலத்தைக் கணிக்கக் கூடாது. ஒரு சோதனை அழைப்பு முழுப் பாதையையும் கடக்கிறதா என்பதே அளவுகோலாக வேண்டும்.

எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. சில நொடி தடைக்கெல்லாம் கோபுரங்கள் அணைந்து எரிந்தால் புதிய குழப்பம் பிறக்கும். லட்சக்கணக்கான கைபேசிகள் ஒரே நேரத்தில் பக்கத்து வலையமைப்பைத் தேடினால் அதுவும் திணறும். அன்றும் சில 911 அழைப்புகள் அவ்வப்போது போயின. அலையை நிறுத்தியிருந்தால் அவையும் நின்றிருக்கும். முதல் இரண்டுக்கும் காலவரம்பும் படிப்படியான நிறுத்தமும் விடையாகும். மூன்றாவதற்கு என் பதில் வேறு: சில சமயம் கிடைக்கும் அவசர அழைப்பை, எப்போதும் கிடைக்கக்கூடிய வேற்று வலையமைப்பின் அழைப்புக்கு மேலாக வைக்க முடியாது.

2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் வலையமைப்பு முடங்கியபோதும் இதே குறை வெளிப்பட்டது. அலையை நிறுத்த வேண்டிய சில கோபுரங்கள் நிறுத்தவில்லை. 2,145 பேருக்கு அவசர எண் எட்டவில்லை. அங்கு நடந்த அரசு மீளாய்வு கோபுரம் தானே அடங்குவதைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. கனடாவில் 2022 செப்டம்பரில் நிறுவனங்கள் அவசர ரோமிங்குக்கும் பரஸ்பர உதவிக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது நல்ல தொடக்கம். ஆயினும் முழுப் பாதைச் சோதனையில் தோற்ற கோபுரம் குறித்த நேரத்துக்குள் அலையை நிறுத்த வேண்டும் என்பதைக் கனடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையம் உரிம நிபந்தனைக்கு நிகரான விதியாக்க வேண்டும். அவ்விதி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று ஆண்டுதோறும் களத்தில் சோதித்து, முடிவுகளை மக்கள் முன் வைக்கவும் வேண்டும்.