வாவிக்கரை மண்ணும் மாட்டெருவும்
மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையின் மணல் நிலம் ஊட்டத்தைத் தாங்கி நிற்காது. மேற்கே படுவான்கரை நெல்வயல்களில், அறுவடைக்குப்பின் தாள் மேயும் மாடுகளே எருவிடுவன. அவ்வெருவின் பயன் ஒரு போகத்தோடு முடிவதன்று. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் நிலையத்தில் 1852 முதல் 1871 வரை மட்டும் எருவிடப்பெற்ற வாற்கோதுமைத் துண்டில், நூற்றாண்டு கடந்தும் எருவிடாத துண்டினும் மிகுதியான சேதனப்பொருள் எஞ்சியிருந்தது.

மாரியில் வயலிற் பயிர் நிற்கையில் மந்தைக்கு மேய்ச்சற்றரை வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கிய அரசு, எரு எங்கிருந்து வருமென எண்ணிப்பார்த்ததாகத் தோன்றவில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளில் வெளியிடத்தோர் பயிரிடுவதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் கால்நடைப் பண்ணையாளர் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர்.